தற்காலிக வீடும் தர்மப் புரட்டும்

புயலோ வெள்ளமோ பூகம்பமோ வந்து ஓர் ஊர் அழிந்துபோனால் பிறகு நடக்கும் காரியங்கள் வாசகர்களுக்குத் தெரியாதவை அல்ல. முதல் நாள் சோற்றுப் பொட்டலம், இரண்டாம் நாள் வேட்டி சேலை, மூன்றாம் நாள் பெரிய மனிதர்கள் வந்து பார்வையிடுதல், நாலாம் நாள் பத்திரிகையில் படம். இவற்றைக் குறை சொல்ல நாம் வரவில்லை. பசித்தவனுக்குச் சோறு போடுவது நியாயமேயாகும். ஆனால் இவற்றிற்கெல்லாம் பிறகு "தற்காலிக வீடு" என்பதாக ஒன்று கட்டிக் கொடுக்கப்படுகின்றதே, அதைப்பற்றி நமது ஜனங்கள் போதிய அளவு யோசிப்பதில்லை என்பது நமது அபிப்பிராயம். கொடுப்பவர் யோசிப்பதில்லை. வாங்கிக் கொள்பவரோ வீடு வாசல் போய், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்து மரத்தடியில் உட்கார்ந்திருக்கையில் எதைக் கொடுத்தாலும் கைநீட்டி வாங்க வேண்டியவராய் இருக்கிறார். ஆகவே யோசிக்க வேண்டிய வேலை, ஆபத்து ஒன்றும் இல்லாத நாளில் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிற நம்மைச் சேர்ந்ததாகிறது.

தற்காலிகம் என்றால் எத்தனை நாள்? மூன்று மாதமா, மூன்று வருஷமா, முப்பது வருஷமா? இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லாமல் ஒரு வீட்டுக்கு எப்படிப் படம் போட முடியும் என்று கேட்கின்றோம். கல்யாணப் பந்தல் போடுகிறவன்கூட எத்தனை நாள் பந்தல் என்று கேட்டுக்கொண்டுதான் மூங்கில் இறக்குகிறான். நிவாரணக் கொட்டகை போடுகிறவர்கள் மாத்திரம் அதைக் கேட்பதே இல்லை. ஏனென்றால், கேட்டால் மெய்யான பதில் வந்துவிடும். மெய்யான பதில் வந்துவிட்டால் யோக்கியமாகக் கட்ட வேண்டிவரும். "தற்காலிகந்தானே" என்று சொல்லிக்கொண்டால் உள்ளே வெயில் கொதித்தாலும் குற்றமில்லை, மழை ஒழுகினாலும் குற்றமில்லை, குளிக்க மறைவிடம் இல்லாவிட்டாலும் குற்றமில்லை.

நம் நாட்டுச் சங்கதியையே முதலில் பார்ப்போம். 26-12-2004-ல் கடல் பொங்கி வந்ததில் தமிழ்நாட்டில் மாத்திரம் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டார்கள். அவர்களில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் ஜில்லாவைச் சேர்ந்தவர்கள். உயிர் தப்பினவர்களுக்குச் சில வாரங்களில் வரிசை வரிசையாகக் கொட்டகைகள் எழும்பின. இவ்வளவு சீக்கிரம் எழும்பியது பாராட்டத்தக்கதுதான். ஆனால் அவற்றில் ஏராளமானவை தார் ஊட்டிய கறுப்புத் தகடுகளால் போடப்பட்டவை. கறுப்பு வெயிலை உறிஞ்சும் என்பது பள்ளிக்கூடத்துச் சிறுபிள்ளைக்குத் தெரிந்த விஷயம். கடற்கரையில் சித்திரை வைகாசி வெயில் எப்படி அடிக்கும் என்பது அங்கே பிறந்த ஆடுமாட்டுக்குக்கூடத் தெரியும். அப்படியிருந்தும், தலைக்குமேல் கை நீட்டினால் தட்டுகிற உயரத்தில், காற்றுப் போக வழியின்றி, தார்க் கூரை போட்டு, அதற்குள் அடுப்பு மூட்டிச் சோறாக்கு என்று ஒரு குடும்பத்தை விட்டால் அதை வீடு என்பதா, காளவாய் என்பதா? பகலெல்லாம் பெண்டுபிள்ளைகள் வெளியே நிழல் தேடி உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழையோ அளவுக்கு மீறிப் பெய்தது. தாழ்ந்த தரையில் போட்ட கொட்டகைகளுக்குள் தண்ணீர் நின்றது. கோடையில் வெந்தவர்கள் ஐப்பசியில் ஊறினார்கள். சென்னைக்கு வடக்கே கார்கில் நகரில் 2005-ல் தீப்பிடித்து வரிசையோடு எரிந்தும் போயின. மூன்று, நாலு மாதத்துக்கு என்று சொல்லிப் போட்டவற்றில் இரண்டு வருஷத்துக்கு மேலும் குடியிருந்தவர்கள் அநேகர்.

இதில் பொருளைவிட மனோபாவமே முக்கியம். சர்க்கார் இஞ்சினீயருக்குத் தார்த்தகடு சுடும் என்று தெரியாமலில்லை. தன் வீட்டு மாட்டுக் கொட்டகைக்கு அதைப் போடுவாரா என்றால் போடமாட்டார், பால் வற்றிப்போகும் என்பார். அப்படியானால் மனிதருக்குப் போட்டது ஏன்? கொடுப்பது தர்மம், தர்மத்தில் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்கிற பழைய எண்ணந்தான் காரணம். ஓர் ஆபத்து, கடவுள் சித்தத்தால் அல்லது தலைவிதியால் வந்தது என்று வைத்துக்கொண்டால், அதில் வீடிழந்தவனுக்குக் கேட்பதற்கு உரிமை என்று ஒன்றும் இல்லாமல் போகிறது. கிடைப்பதெல்லாம் பிறர் இரக்கம் என்றாகிவிடுகிறது. 15-1-1934-ல் பீகார் பூகம்பத்தில் பல்லாயிரம் ஜனங்கள் மாண்டபோது, அது தீண்டாமை என்னும் பாவத்துக்கு ஆண்டவன் கொடுத்த தண்டனை என்று காந்தியார் சொன்னார். அதை மறுத்தவர் நாத்திகர் யாருமல்ல, கடவுள் நம்பிக்கையுள்ள இரவீந்திரநாத் தாகூரே. தீண்டாமை பாவம் என்பதில் நமக்கு ஆட்சேபணை சிறிதும் இல்லை. அந்தப் பாவத்தைச் செய்தவன் மாளிகையோடு, அதை அனுபவித்தவன் குடிசையையும் சேர்த்து இடித்துத் தள்ளுகிற நீதி எந்தச் சட்டப் புத்தகத்தைச் சேர்ந்தது என்பதுதான் நமக்கு விளங்கவில்லை. நிற்க, பூமி அசைவதற்கும் கடல் பொங்குவதற்கும் காரணம் பூமிக்கு அடியில் இருக்கிறது. ஆனால் கூரை விழுவதற்கும், கொட்டகை வேவதற்கும் காரணம் மனிதனிடத்தில் இருக்கிறது. முதலாவதை நம்மால் தடுக்க முடியாது. இரண்டாவதைத் தடுக்கலாம்.

சாதி என்ன செய்கிறது என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. கடல் வந்தபோது சாதி பார்க்கவில்லை. கடல் திரும்பிப் போனதும் மனிதர்கள் பார்த்தார்கள். நாகப்பட்டினம் பகுதியில் தாழ்த்தப்பட்ட தோழர்களை நிவாரண இடங்களில் சேர்க்காமல் ஒதுக்கினதும், குடிதண்ணீர்த் தொட்டியில் பிடிக்கவிடாமல் தடுத்ததும், அவர்களுக்கு வரவேண்டிய சாமான் வராமல் போனதும் 2005-ல் பத்திரிகைகளிலும் மனித உரிமைச் சங்கங்களின் அறிக்கைகளிலும் வெளிவந்தவையே. வீடு, படகு, வலை இவற்றை இழந்தவனுக்குத்தான் நஷ்டம் என்று கணக்கெடுத்தபோது, அதே கரையில் மீன் சுமந்தும், உப்பளத்தில் கூலி செய்தும் பிழைத்தவன் எதையும் "இழந்தவனாக" ஆகவில்லை. இழப்பதற்கு அவனிடம் முன்னமே ஒன்றும் இல்லாதபடி பார்த்துக்கொண்ட சமூகம், பிறகு உனக்கு நஷ்டமில்லையே என்று கணக்கும் காட்டுகிறது. கொட்டகைக்கு இடம் குறிக்கிறவர்கள் ஊரும் சேரியும் போலவே வரிசையைப் பிரித்துக் குறித்தால், ஆறு மாதக் கொட்டகையும் ஆயிரம் வருஷக் கொட்டகை ஆகிவிடுகிறது.

இந்தப் புத்தி நமக்கு மாத்திரமே சொந்தம் என்று யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரம் 18-4-1906-ல் பூகம்பத்திலும், அதைத் தொடர்ந்த தீயிலும் அழிந்தபோது இரண்டு லட்சம் ஜனங்களுக்கு மேல் வீடிழந்தார்கள். அங்கே சீனர்களுக்கென்று தனி முகாம் வைத்து, பக்கத்தில் இருக்கக் கூடாதென்று சில நாட்களுக்குள்ளாகவே இடம் மாற்றி இடம் மாற்றி விரட்டினார்கள். சீனர்களின் பேட்டையையே நகரத்தின் ஒரு கோடிக்குத் தள்ளிவிடலாம் என்று பெரிய மனிதர்கள் யோசனையும் செய்தார்கள். சீனர்கள் இணங்காமல் பழைய இடத்திலேயே மறுபடியும் கட்டிக்கொண்டார்கள்.

ஆனால் அதே சான்பிரான்சிஸ்கோவில் நடந்த மற்றொரு காரியம் நாம் கற்றுக்கொள்ளத் தக்கது. முதலில் ராணுவக் கூடாரங்கள் போட்டார்கள். மழைக்காலம் வருமுன் கூடாரம் உதவாதென்று கண்டு, நகரத்துப் பூங்காக்களில் மரத்தாலான சிறு வீடுகள் 5,610 கட்டினார்கள். மிகச் சிறியது பத்தடிக்குப் பதினான்கடி. பச்சை வர்ணம் பூசிய சாதாரணப் பலகை வீடுதான். மாதம் இரண்டு டாலர் வாங்கினார்கள். அது வீட்டின் விலையாகிய 50 டாலரில் கழிந்துகொண்டே வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. பூங்கா நகரத்தாருடையது, ஆகையால் வீட்டைச் சொந்த மனைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். எப்படிக் கொண்டுபோவது? வீட்டையே தூக்கிக் குதிரை வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போனார்கள்! 1908-க்குள் பூங்காக்கள் காலியாகிவிட்டன. போன இடத்தில் இரண்டு மூன்று வீடுகளை ஒன்றாய்ச் சேர்த்துப் பெரிய வீடாக்கிக் கொண்டவர்களும் உண்டு. அவற்றில் சில இன்றைக்கும் நிற்கின்றன. நூறு வருஷத்துக்கு மேல் நிற்கிற அதைத் தற்காலிக வீடு என்பதா, நிரந்தர வீடு என்பதா? இடம்தான் அங்கே தற்காலிகம், வீடு தற்காலிகமல்ல. அதுவரை வாடகை வீட்டில் இருந்த ஏழைத் தொழிலாளி அதன் மூலமாகச் சொந்த வீட்டுக்காரன் ஆனான். மனை வாங்க வழியில்லாத பரம ஏழைக்கு இதனால் பயனில்லை என்பதும் மெய்தான். அதைப் பின்னால் சொல்லுவோம்.

இப்போது படித்த நிபுணர்கள் செய்கிற வேடிக்கைகளைக் கொஞ்சம் கவனிப்போம். ஒவ்வொரு பெரிய ஆபத்து வந்த பிறகும் மேல்நாடுகளில் யாராவது ஒருவர் புதுமாதிரி வீடு ஒன்று கண்டுபிடித்து விடுகிறார். 1972 டிசம்பரில் நிகராகுவா தேசத்து மனாகுவா நகரம் பூகம்பத்தில் இடிந்தபோது, ஜெர்மனியிலிருந்து நுரைப் பிளாஸ்டிக்கால் கவிழ்த்த சட்டி மாதிரி வீடுகள் செய்யும் ஏற்பாடு வந்திறங்கிற்று. அவை தயாராவதற்குள் மாதங்கள் கழிந்துவிட்டன. ஜனங்கள் என்ன, அதுவரை ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருப்பார்கள்? உற்றார் உறவினர் வீட்டில் ஒண்டினார்கள். இடிந்த வீட்டின் மரத்தையும் தகரத்தையும் பொறுக்கிச் சொந்த மனையிலேயே குடிசை போட்டுக்கொண்டார்கள். சட்டி வீடுகள் பெரும்பாலும் காலியாய்க் கிடந்தன. இந்த மாதிரிக் கதைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து இயன் டேவிஸ் என்னும் ஆங்கிலேயர் 1978-ல் ஒரு புத்தகமே எழுதினார். 1982-ல் ஐக்கிய நாடுகள் சபையும் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஆபத்துக்குப் பின் வீடு கட்டுவதில் முதன்மையான சக்தி பிழைத்தவர்களுடைய சொந்த முயற்சியே என்பதும், வெளியார் செய்ய வேண்டியது அதற்குத் துணை நிற்பதே என்பதும் அதன் சாரம். இது வெளிவந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. இன்னும் சட்டி வீடுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

சமீப காலத்தில், வீட்டுச் சாமான் விற்கும் ஐகியா கம்பெனியாரின் தர்ம ஸ்தாபனம் பொருளுதவி செய்து ஒரு பெட்டி வீடு உண்டாயிற்று. இரண்டு அட்டைப் பெட்டிகளில் அடங்கிவிடும். நாலு பேர் சேர்ந்தால் ஒரு பகலுக்குள் நிறுத்திவிடலாம். கதவுக்குப் பூட்டு உண்டு, சூரிய வெளிச்சத்தில் எரியும் விளக்கு உண்டு. 17.5 சதுர மீட்டரில் ஐந்து பேர் இருக்கலாம். சிறந்த அமைப்பென்று லண்டனில் பரிசும் கிடைத்தது. ஆனால் சூரிச் நகரத்தார் சோதித்துப் பார்த்து, எளிதில் தீப்பிடிக்கும் என்று சொல்லி உபயோகிக்காமல் விட்டுவிட்டார்கள். பிறகு அதைத் திருத்தி அமைத்தார்கள். கிழிந்துபோகும் கூடாரத்தைவிடப் பூட்டுள்ள கதவு மேலானது என்பதை நாம் மறுக்கவில்லை. முக்கியமாய்ப் பெண்களுக்கு. ஆனால் ஐந்து பேருக்கு 17.5 என்பது, தலைக்கு 3.5 சதுர மீட்டர் என்று உலகத்து நிவாரணச் சங்கங்கள் வகுத்த குறைந்தபட்ச அளவு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நம் கணக்கில் சுமார் 38 சதுர அடி. இரண்டு கயிற்றுக் கட்டில் போட்டால் தீர்ந்துபோகும். குறைந்தபட்சம் என்று எழுதி வைத்ததெல்லாம் எப்போதும் அதிகபட்சமாகவே அமலுக்கு வருகிறது.

ஜப்பான் தேசத்து ஷிகேரு பான் என்பவர் காகிதக் குழாயை அடுக்கிச் சுவராக்கி வீடு கட்டுகிறவர். காகித வீடா என்று சிரிக்க வேண்டாம். 17-1-1995-ல் கோபே நகரப் பூகம்பத்துக்குப் பின், வியட்நாமிலிருந்து வந்து அங்கே அகதிகளாய் இருந்த ஏழைகளுக்கு அதை அவர் கட்டினார். பீர்ப் பெட்டிகளில் மணல் நிரப்பி அடித்தளம். அதன் மேல் காகிதக் குழாய்ச் சுவர். 2001-ல் குஜராத்தில் பூகம்பம் வந்தபோது அதே வீட்டைக் கட்சுக்குக் கொண்டுவந்தார். இங்கே பீர்ப்பெட்டிக்கு எங்கே போவது? இடிந்த கட்டடத்தின் கல்லையே அடித்தளமாக்கி, மேலே ஊரார் மெழுகும் மண் தரை போட்டார். கூரைக்கு மூங்கில் வளைவும், அதன்மேல் அவ்விடத்தில் முடைந்த பாயும், நடுவில் மழைக்குத் தார்ப்பாலினும். பக்கத்து முக்கோணத்துப் பாயிலுள்ள சிறு துளைகள் வழியாய்க் காற்றுப் போகும், புகை வெளியேறும். நாம் மெச்சுவது காகிதத்தை அல்ல, ஊருக்கு ஊர் மாற்றிக்கொண்ட புத்தியை. தார்த்தகடு போட்டவர்களுக்கு இல்லாமற்போனது இதுதான்.

இந்த இடத்தில், சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத வீடு என்று இக்காலத்தில் பெரிதாகப் பேசப்படும் பேச்சைப்பற்றி நமது அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறோம். மூங்கில் என்றால் நல்லது, தகரம் என்றால் கெட்டது என்று சாஸ்திரம்போல் ஒப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பொருள் எதனால் செய்யப்பட்டது என்பதைவிட, எத்தனை வருஷம் உழைக்கிறது, உழைத்தபின் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. இரண்டு வருஷத்தில் மக்கிக் குப்பையாகிற விலையுயர்ந்த "பசுமை" வீட்டைவிட, முப்பது வருஷம் கூரையாயிருக்கிற தகரம் எவ்வளவோ மேல். 4-2-1976-ல் குவாத்தமாலா தேசத்தில் பூகம்பம் வந்தபோது ஆக்ஸ்பாம் முதலிய சங்கத்தார் தற்காலிக வீடே கட்டவில்லை. நல்ல நெளிதகரத்தைக் குறைந்த விலைக்கு விற்றார்கள். இன்று அதைக் கட்டையின் மேல் போட்டு ஒண்டிக்கொள், நாளை வீடு கட்டும்போது அதுவே உனக்குக் கூரை. கூடவே ஊர்க் கொத்தனாருக்கும் தச்சனுக்கும் பூகம்பத்துக்கு விழாதபடி மூலையைக் கட்டுவது எப்படி என்று கற்றுக்கொடுத்தார்கள். இனாமாய்க் கொடுக்காமல் விற்றதைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்கள். நம்மைக் கேட்டால், வாங்கினவன் தலை நிமிர்ந்து தகரத்தைத் தட்டிப் பார்த்து, இது ஓட்டை, வேறு கொடு என்று சொல்ல முடிந்ததே, அதுவே பெரிய லாபம்.

பணமிருந்தால் மாத்திரம் போதாது என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பின் அந்தச் சர்க்கார் லட்சத்துக்கு மேற்பட்ட சக்கர வீடுகளை வாங்கினார்கள். உள்ளே குடியிருந்தவர்களுக்குக் கண் எரிச்சல், மூச்சு முட்டல். பலகை ஒட்டிய பசையிலிருந்து பார்மால்டிஹைடு என்னும் விஷ ஆவி வருவதாய்ப் புகார் வந்தும் வருஷக்கணக்கில் இழுத்தடித்து, 2008-ல் சர்க்காரின் சுகாதார இலாகாவே சோதித்து, அதிகம் இருக்கிறது, வெயில் காலத்துக்குள் ஜனங்களை வெளியேற்ற வேண்டும் என்று சொல்லிற்று.

ஜப்பானியரோ சுத்தமாகவும் சுறுசுறுப்பாகவும் செய்கிறவர்கள். 1995-ல் கோபேக்காக ஏறக்குறைய 48,000 தற்காலிக வீடுகள் கட்டினார்கள். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் முதலிடம் என்று வைத்துச் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுத்தார்கள். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாய் இருக்கிறது! நடந்தது என்னவென்றால், ஒரே தெருவில் நாற்பது வருஷம் பழகினவர்கள் ஆளுக்கொரு மூலையாய்ச் சிதறினார்கள். நகரத்துக்கு வெகுதூரத்தில் முன்பின் தெரியாத கிழவர் கிழவிகள் வரிசை வரிசையாய் அடைக்கப்பட்டார்கள். 200 பேருக்கு மேல் யாருக்கும் தெரியாமல் தனியே செத்துக் கிடந்து பிறகு கண்டெடுக்கப்பட்டார்கள். கூரை ஒழுகவில்லை, கதவு உடையவில்லை. கதவைத் தட்டி, "என்ன பாட்டி, காலையிலிருந்து காணோமே" என்று கேட்க ஆளில்லை. இதிலிருந்து அவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். 2004-ல் நீகாதா பக்கத்துப் பூகம்பத்தில் யமகோஷி கிராமத்தாரை வெளியேற்றியபோது, குக்கிராமம் குக்கிராமமாகவே பக்கத்தில் பக்கத்தில் குடியேற்றினார்கள். 2011-ல் பெரிய கடற்கோள் வந்தபோது, சுமிதா என்னும் சின்னஞ்சிறு மலையூர் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல், தன் காட்டு மரத்தைக் கொண்டு தன் தச்சர்களால் பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தனித்தனி மரவீடுகள் 93 கட்டிக் கொடுத்தது. மற்ற இடங்களிலோ, அந்தச் சட்டப்படி இரண்டே வருஷத்துக்கென்று, வீடொன்றுக்கு அறுபது லட்சம் யென்னுக்கு மேல் செலவிட்டுக் கட்டி, பிறகு வருஷா வருஷம் கெடுவை நீட்டிக்கொண்டே போனார்கள்.

நம் பக்கத்து நாடாகிய பாகிஸ்தானில் யாஸ்மீன் லாரி அம்மையார் என்பவர் அந்நாட்டின் முதல் பெண் கட்டடக் கலைஞர். கண்ணாடியும் கான்கிரீட்டுமாகப் பெரிய மாளிகைகள் கட்டி ஓய்வு பெற்றவர். 2005-ல் பூகம்பமும் 2010-ல் சிந்து நதி வெள்ளமும் வந்த பிறகு, மூங்கில், மண், சுண்ணாம்பு இம்மூன்றைக்கொண்டு ஏழைகள் தாமே கட்டிக்கொள்ளும் வீட்டை அமைத்தார். மூங்கிலைக் குறுக்குக் கட்டோடு தட்டியாக முதலிலேயே செய்துகொள்வது. எட்டுப் பக்கமாய் நிறுத்திப் பிணைத்தால் அன்றைக்கே குடியிருக்கலாம். பிறகு கைக்கு வந்தபோது பாயும் மண்ணும் அப்பிச் சுவராக்கி, சுண்ணாம்பு கலந்து பூசினால் தண்ணீருக்குக் கரையாது. இன்றையக் கொட்டகையே நாளைய வீட்டின் எலும்புக்கூடு. பெண்கள் கற்றுக்கொண்டு அடுத்த ஊருக்குக் கற்பிக்கிறார்கள். இலவசமாய்க் கொடுத்து ஜனங்களைப் பிச்சைக்காரர்களாக்கக் கூடாது என்பது அம்மையாரின் கட்சி. 2023-ல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் சங்கம் தங்க மெடல் கொடுத்தது. 2022 வெள்ளத்தில் 20 லட்சம் வீடுகளுக்கு மேல் சேதமடைந்த நாட்டுக்கு, பெட்டி வீட்டைக் கப்பலில் எதிர்பார்த்திருந்தால் ஆகிற காரியமா?

"ஜனங்கள் கையில் பணத்தைக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள், அவர்களுக்குக் கட்டத் தெரியாது, ஆகையால் காண்ட்ராக்டர்தான் கட்டவேண்டும்" என்று சில கனவான்கள் சொல்லுவார்கள். 2001-க்குப் பின் குஜராத்தில் பணத்தைத் தவணை தவணையாய் வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்தார்கள். அடித்தளம் சரியாய் இருக்கிறதென்று இஞ்சினீயர் பார்த்துச் சொன்னால் அடுத்த தவணை. மிகப் பெரும்பாலான வீடுகள் அப்படித்தான் எழும்பின. குடித்துத் தீர்க்கிற வித்தையைப் பற்றி நமக்குத் தெரியாது. ஆனால் ஒரு மூட்டை சிமெண்டை எத்தனை மூட்டை மணலில் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது என்கிற வித்தையைக் கற்றவன் வீட்டுக்காரன் அல்ல.

இனி, முன்பு தள்ளி வைத்த விஷயத்துக்கு வருவோம். மனை இல்லாதவன் கதி என்ன? எந்தத் தற்காலிக வீட்டையும் முப்பது வருஷ வீடாக்குவது மழையுமல்ல, மூங்கிலுமல்ல, மனைதான். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த தமிழர்களுக்கு முகாம்களில் பத்தடிக்குப் பத்தடி என்கிற அளவில் கொடுத்த இடங்களில் பிள்ளை பெற்று, பேரன் எடுத்தும் இருந்தார்கள். 2021-ல்தான் 7,469 வீடுகள் புதிதாய்க் கட்டுவதென்று தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தார்கள். கடற்கோளுக்குப் பின் 2005 மார்ச்சில் பிறந்த சர்க்கார் உத்தரவில், புது வீட்டுப் பட்டா கணவன் மனைவி இருவர் பேரிலும் கொடுக்கச் சொன்னது மிகவும் மெச்சத்தக்கது. ஆனால் கடலுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் புது வீடு வேண்டுமானால் பழைய மனையைச் சர்க்காருக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் அதே உத்தரவு சொல்லிற்று. கட்டுமரத்தையும் வலையையும் போட்டுவைக்கும் மனையைவிட்டு, உள்ளே தள்ளிப்போ என்றால் மீன் அங்கே வருமா? புறம்போக்கிலும், பிறர் தோட்டத்திலும், ஆற்றங்கரையிலும் குடிசை போட்டிருந்தவனுக்கோ எழுதிக் கொடுப்பதற்குக்கூட ஒன்றும் இல்லை. வாடகைக்கு இருந்தவன் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஆகவே நாம் கேட்பது மாளிகை அல்ல. வெள்ளம் எட்டாத மேட்டுத் தரை. முழங்கால் உயரத் திண்ணை மண் அடித்துக் கெட்டிப்படுத்தியது. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் காற்றுப் போக ஒரு சாண் திறப்பு. தகரமானால் மேலே சுண்ணாம்பு வெள்ளை, கீழே பாய். ஆணி அடிக்காமல் கம்பியாலோ கயிற்றாலோ பிணைத்தால் பிறகு பிரித்துக் கொண்டுபோய் நிரந்தர வீட்டில் வைக்கலாம். இரண்டு கொட்டகைக்கு நடுவே கொட்டகை உயரத்தைப்போல் இரட்டிப்பு இடைவெளி விட்டால் ஒன்று எரிந்தாலும் வரிசை எரியாது. உள்ளிருந்து தாழ்ப்பாள் போடும் கதவும், பெண்களுக்கு விளக்கோடு கூடிய குளிக்குமிடமும் கக்கூசும் கூப்பிடு தூரத்தில். முன்பு யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்களோ அப்படியே, ஆனால் சாதி வரிசை என்பது அடியோடு இல்லாமல். இவற்றில் எதற்கும் ஜெர்மனியிலிருந்து கப்பல் வரவேண்டியதில்லை. நம் ஊர்ப் பந்தல்காரனுக்கும், கீற்று முடைகிற அம்மாளுக்கும் இதில் பாதி முன்னமே தெரியும். அவர்களைத்தான் கமிட்டியில் போடமாட்டார்கள்.

நாம் தோழர்களுக்குச் சொல்லுவதெல்லாம், உங்கள் ஊரில் வெள்ளம் வந்தால் எந்த மேட்டு நிலத்தில் கொட்டகை போடப் போகிறீர்கள், அந்த நிலம் யாருடையது, சர்வே நம்பர் என்ன, எத்தனை தகரமும் சவுக்கும் மூங்கிலும் எங்கே இருப்பு வைத்திருக்கிறீர்கள், பட்டா இல்லாத குடும்பங்களின் பெயர் எந்த ரிஜிஸ்தரில் இருக்கிறது என்று கிராமசபையில் எழுந்து கேட்டு, பதிலைத் தீர்மானத்தில் எழுதி வாங்குங்கள் என்பதேயாகும். அக்டோபர் 2-ந் தேதி கூடும் சபையில் கேட்டால் பதில் வருமுன் மழை வந்துவிடும். ஆகஸ்ட் 15-ந் தேதி சபையிலேயே கேட்க வேண்டும்.